புது காரின் அடியில் துரு... ‘எல்லா காரும் அப்படித்தான் சார்’ என்பது உண்மையா?

டெலிவரி நாள். ஷோரூம் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிய கார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்க என் சித்தி குனிந்தார். முன்பக்க டயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர், “என்னங்க, உள்ள செம்மண் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு” என்றார். சித்தப்பா போனில் டார்ச் அடித்துப் பார்த்தார். செம்மண் இல்லை. துரு.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதி, மீதிக்கு வங்கிக் கடன் என்று போட்டு அவர் வாங்கிய முதல் கார் அது. விலை சுமார் 11 லட்சம். ஓடோமீட்டரில் இருந்தது வெறும் இரண்டு இலக்கம். ஷோரூம் ஊழியர் பதறவே இல்லை. “எல்லா காரும் அப்படித்தான் சார். ஓட்ட ஓட்ட சரியாயிடும்” என்றார். அன்றிரவு சித்தப்பா எனக்கு ஆறு போட்டோ அனுப்பினார். கீழே ஒரே ஒரு கேள்வி: “ஏமாந்துட்டேனாடா?”

புது கார் வாங்கி, எதேச்சையாகக் குனிந்து பார்த்த பலருக்கும் வருகிற கேள்விதான் இது. ‘எல்லா காரும் அப்படித்தான்’ என்ற பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அந்த உண்மை எங்கே முடிகிறது என்பது தெரிந்தால்தான், தேவையில்லாமல் பயப்படவும் வேண்டாம், தேவையான இடத்தில் ஏமாறவும் வேண்டாம்.

துரு எங்கெல்லாம் தெரிகிறது?

காரின் சஸ்பென்ஷன் என்பது ஒரே பாகம் அல்ல. சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கனமான வார்ப்பு, அதாவது ஸ்டீயரிங் நக்கிள். சக்கரத்தையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் இணைக்கும் லோயர் ஆர்ம். காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டெபிலைசர் பார். பின்பக்கம் பல சிறிய கார்களில் இரண்டு சக்கரங்களையும் குறுக்கே இணைக்கும் ட்விஸ்ட் பீம். இவற்றைக் கோக்கும் போல்ட், நட்டுகள் தனி.

புது காரில் ஆரஞ்சு நிறம் பெரும்பாலும் தெரிவது நக்கிள், வீல் ஹப், டிரைவ் ஷாஃப்ட், போல்ட் தலைகள், வெல்டிங் விளிம்புகள் ஆகிய இடங்களில். பிரேக் டிஸ்க்கும் இந்தப் பட்டியலில் உண்டு. அது பூச்சே இல்லாத வார்ப்பிரும்பு. ஒரு நாள் மழையில் நின்றாலே அதன் மேல் துரு படியும். நாலு தடவை பிரேக் போட்டதும் பேட் உராயும் பரப்பில் இருப்பது தேய்ந்து போய்விடும். ஷோரூமில் சொன்ன ‘ஓட்ட ஓட்ட சரியாயிடும்’ உண்மையாகப் பொருந்துவது இந்த ஒன்றுக்குத்தான். நக்கிளில் இருக்கும் துரு ஓட்டினால் போகாது. அங்கேயேதான் இருக்கும்.

பாடிக்கு அவ்வளவு பெயின்ட் அடிக்கிறார்கள், இதை ஏன் விடுகிறார்கள்?

காரின் பாடி முழுசாக ரசாயனத் தொட்டிகளில் முக்கி எடுக்கப்படுகிறது. முதலில் பாஸ்பேட் பூச்சு, பிறகு மின்சாரத்தின் உதவியோடு படியவைக்கும் ‘இ-கோட்’, அதற்கு மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட். இ-கோட் மட்டுமே சுமார் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தனையும் தேவைப்படுவதற்குக் காரணம், பாடி ஷீட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதுதான். அங்கே துரு விழுந்தால் ஓட்டை விழ அதிக நாள் ஆகாது.

சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் பாகத்துக்குப் பாகம் மாறும். தகட்டை அழுத்திச் செய்யும் லோயர் ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் கறுப்பு இ-கோட். ஸ்பிரிங்குக்குப் பெரும்பாலும் எபாக்ஸி பவுடர் கோட்டிங். போல்ட்டுகளுக்கு துத்தநாகம் சார்ந்த பூச்சு. நக்கிளின் கதை வேறு. அது பல மில்லிமீட்டர் தடிமனுள்ள வார்ப்பு. பேரிங் உட்காரும் துளை, பால் ஜாயின்ட் பொருந்தும் இடம் எல்லாம் துல்லியமாகக் கடைந்து எடுக்கப்பட்டவை. அங்கே பெயின்ட் ஏறினால் அளவு மாறிவிடும். அதனால் பல கார்களில் நக்கிள் வெறும் இரும்பாகவோ, மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடோதான் வருகிறது. மேல்துரு அதன் வலிமையைத் தொடாது, ஆகவே செலவு செய்ய வேண்டியதில்லை என்பது தயாரிப்பாளரின் கணக்கு. பொறியியல்ரீதியாக இந்தக் கணக்கில் பெரிய தவறும் இல்லை.

ஆக, நக்கிளிலும் ஹப்பிலும் சீரான, மெல்லிய ஆரஞ்சுப் படலம் தெரிந்தால் ‘எல்லா காரும் அப்படித்தான்’ என்பது நியாயமான பதில். ஸ்பிரிங்கிலோ, லோயர் ஆர்மின் நடுப்பரப்பிலோ பெயின்ட் உரிந்து துரு தெரிந்தால் அதே பதில் செல்லாது. ஏனென்றால் அங்கே பூச்சு இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஷோரூமுக்கு வரும் முன்பே துரு எப்படி வந்தது?

‘புது கார்’ என்றால் போன வாரம் தயாரான கார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தொழிற்சாலையில் இருந்து வெளியே வரும் கார், நிறுவனத்தின் யார்டில் நிற்கும், பிறகு லாரி ஏறும், பிறகு டீலரின் ஸ்டாக்யார்டில் நிற்கும். ஸ்டாக்யார்டு என்பது பல இடங்களில் ஊருக்கு வெளியே இருக்கும் திறந்தவெளி மைதானம்தான். கீழே மண்தரை. மழை பெய்தால் ஈரம் மேலே ஏறும், வெயில் அடித்தால் காயும், மறுபடி ஈரம். ஓடாத காருக்கு அடியில் காற்றோட்டம் குறைவு என்பதால் காய்வதும் மெதுவாகத்தான் நடக்கும்.

எவ்வளவு நாள் நிற்கிறது என்பது சந்தையைப் பொறுத்தது. 2024 செப்டம்பரில், ஷோரூம்களில் தேங்கியிருக்கும் கார்கள் 80 முதல் 85 நாட்கள் விற்பனைக்கான அளவைத் தொட்டுவிட்டதாக வாகன டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா சொன்னது. எண்ணிக்கையில் 7.9 லட்சம் கார்கள், மதிப்பில் சுமார் 79,000 கோடி ரூபாய். கையிருப்பு 21 நாட்களுக்கு இருந்தால் போதும் என்பது அதே கூட்டமைப்பின் நிலைப்பாடு. 80 நாட்கள் என்பது சராசரிதான். வேகமாக விற்காத நிறம், விற்காத வேரியன்ட் என்றால் இன்னும் அதிக நாள் நின்றிருக்கும்.

அடுத்த ஆண்டும் இதே போன்ற ஒரு நிலை வந்தது. வரி குறையப் போகிறது என்று 2025 ஆகஸ்ட் 15 அன்று அறிவிப்பு வந்ததும் பலர் புக்கிங்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதுவரை யார்டில் காத்திருந்த கார்கள்தான் தீபாவளி அவசரத்தில் வெளியே வந்தன. இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று நான்கு மாதம் வெட்டவெளியில் நின்ற காரும், மூன்று வாரத்துக்கு முன் தயாரான காரும் ஒரே விலைக்கு விற்கும்போது, எது எது என்று தெரிந்துகொள்ள வாங்குபவருக்கு இருக்கும் எளிய அடையாளங்களில் ஒன்று, அடியில் தெரியும் அந்தத் துரு.

சென்னைக் காற்று என்ன செய்கிறது?

துருப்பிடிக்க இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு என்பதே அடிப்படையில் ஒரு மின்வேதி வினை. இன்னொரு விஷயமும் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உலோகத்தின் மேல் படிந்திருக்கும் உப்புத்தூள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானாகவே கரையும். மழையே பெய்ய வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடியில் அதிகாலை ஈரப்பதம் இந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

கடலுக்கு எவ்வளவு பக்கம் என்பதும் முக்கியம். காற்றில் வரும் உப்பு, கரையில் இருந்து உள்ளே போகப் போக வேகமாகக் குறைகிறது. பெசன்ட் நகரில் தெருவோரம் நிற்கும் காரும், தாம்பரத்தில் நிற்கும் காரும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை.

உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரிப்பால் பலவீனமானதால், 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவதே நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலோக்சேன் என்ற சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டதற்குக் காரணம் இதுதான். அரிப்பு ஆய்வில் நாட்டின் முக்கியமான நிறுவனமான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் நம்ம காரைக்குடியில்தான். பாம்பனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மண்டபத்தில், உலோக மாதிரிகளைக் கடற்காற்றில் வைத்து அவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

ஒரு இடத்தின் காற்று எவ்வளவு அரிக்கும் என்பதை அளக்க ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. பூச்சில்லாத சாதாரண எஃகுத் தகட்டை ஓராண்டு வெளியே வைத்து, எவ்வளவு தடிமன் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

• சி2: 1.3 முதல் 25 மைக்ரான் வரை
• சி3: 25 முதல் 50 மைக்ரான் வரை
• சி4: 50 முதல் 80 மைக்ரான் வரை
• சி5: 80 முதல் 200 மைக்ரான் வரை
• சிஎக்ஸ்: 200 முதல் 700 மைக்ரான் வரை

ஒரு லோயர் ஆர்ம் 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 3,000 மைக்ரான். பூச்சே இல்லை, சி4 வகைக் காற்றின் உச்ச அளவான 80 மைக்ரான் ஒவ்வொரு ஆண்டும் இருபுறமும் போகிறது என்று மோசமாகவே கணக்கிட்டாலும், பாதித் தடிமன் போக 9 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நிஜத்தில் பூச்சு இருக்கும். பல இடங்களில் முதல் ஆண்டுக்குப் பிறகு வேகமும் குறையும். யார்டில் சில மாதம் நின்றதால் வந்த மேல்துருவின் ஆழம், பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும்.

சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோதுதான் அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. துரு எல்லா இடத்திலும் சமமாக அரிக்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. அது சமமாக அரிக்காத இடங்களில்தான் ஆபத்து.

அப்போ எங்கே கவலைப்படணும்?

முதல் இடம், ஸ்பிரிங். அது ஒவ்வொரு பள்ளத்திலும் சுருங்கி விரிகிறது. ஆயுளில் லட்சக்கணக்கான தடவை. பூச்சு உரிந்த இடத்தில் துரு ஒரு சின்னக் குழியை உண்டாக்கினால், அழுத்தம் எல்லாம் அந்தக் குழியின் முனையில் குவியும். அங்கிருந்து விரிசல் தொடங்கும். ஸ்பிரிங் உடையும்போது பார்த்தால் மீதிக் கம்பி முழுத் தடிமனோடு நன்றாகவே இருக்கும். ஒரே ஒரு குழி போதும். ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று, அது உட்காரும் தட்டோடு உரசும் இடம், மண்ணும் தண்ணீரும் தேங்குவதால் மிகவும் பலவீனமான பகுதி.

இரண்டாவது, வெல்டிங் ஓரங்கள். வெல்டிங் சிதறலில் பூச்சு சரியாக ஒட்டாது. இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடுக்கில் தண்ணீர் புகுந்தால் காய்வது கஷ்டம்.

மூன்றாவது, உள்ளே வெற்றிடம் உள்ள பாகங்கள். சப்ஃப்ரேம், பின்பக்க பீம் போன்றவை. வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே சேறு தங்கினால் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும்.

நான்காவது, சஸ்பென்ஷனை ஒட்டிப் போகும் பிரேக் பைப்கள். இவற்றின் சுவர் மிக மெல்லியது. புது காரில் இங்கே துரு இருந்தால் விவாதமே வேண்டாம், மாற்றித்தரக் கேளுங்கள்.

மேல்துருவா, ஆழமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ஆரஞ்சுத் தூள் ஒட்டி, கீழே பரப்பு வழவழப்பாக இருந்தால் மேல்துரு. செதில் செதிலாக உரிந்தால், நகத்துக்குக் குழி தட்டுப்பட்டால், பெயின்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தால், அது பல மாத வேலை. பழைய காரில் இப்படி இருந்தால் பராமரிப்புப் பிரச்சினை. புது காரில் இருந்தால், அந்தக் கார் எங்கே, எவ்வளவு நாள், எப்படி நின்றது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

பனி உருக சாலையில் உப்பு கொட்டும் நாடு அமெரிக்கா. ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல் கொட்டுகிறார்கள். அதிகம் பாதிக்கப்படும் மாகாணங்களை ‘உப்பு வளையம்’ என்றே அழைக்கிறார்கள். 2010-ல் ஃபோர்டு நிறுவனம் அங்கே 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார் வேன்களை லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. பின்பக்க ஆக்ஸில் பீமில் தண்ணீரும் உப்பும் தேங்கி, அரிப்பால் விரிசல் விட்டு, ஓடும்போதே உடையும் அபாயம் இருந்தது.

இன்னொன்று இன்னும் பெரியது. டொயோட்டாவின் டகோமா உள்ளிட்ட மூன்று மாடல்களில் அடிச்சட்டத்துக்குத் துருவில் இருந்து போதிய பாதுகாப்பு தரப்படவில்லை என்று வாகன உரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். சுமார் 15 லட்சம் வாகனங்கள். 2016-ல் 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்த இரண்டு வழக்கிலும் கவனிக்க வேண்டியது, முதல் நாள் கண்ணுக்குத் தெரிந்த ஆரஞ்சு நிறம் யாருடைய வண்டியையும் உடைக்கவில்லை என்பதுதான். உடைத்தது, பூச்சு சரியாக இல்லாத அல்லது தண்ணீர் தேங்கும் இடத்தில் பல ஆண்டுகள் மறைவாக நடந்த அரிப்பு. டெலிவரி நாளில் தெரியும் துரு ஒரு நோய் அல்ல. ஆனால் பூச்சு எங்கே இல்லை என்று அது காட்டிக்கொடுக்கலாம்.

இது வெள்ளத்தில் நின்ற காராக இருக்குமோ?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அதனாலேயே புது காரில் துரு பார்த்ததும் பலருக்கும் வரும் முதல் சந்தேகம் இது. இதைப் பிரித்தறிவது சுலபம். யார்டு துரு காரின் அடியில் மட்டும் இருக்கும். வெள்ளத் துரு கேபினுக்குள் இருக்கும்.

சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, அடியில் இருக்கும் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் படிவு இருக்கிறதா, கார்பெட்டுக்கு அடியில் ஈர வாடை வருகிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சாவியை வாங்காதீர்கள்.

ஆன்டி-ரஸ்ட் கோட்டிங் போடலாமா?

துருவைக் காட்டிக் கேள்வி கேட்டால், சில இடங்களில் அதற்கான விடையாக வருவது ஒரு பேக்கேஜ்: “அண்டர்பாடி கோட்டிங் போட்டுக்கோங்க சார், கவலையே இருக்காது.” கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இது பயனுள்ளதுதான். போடும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

துருவின் மேலேயும், சேற்றின் மேலேயும், ஈரத்தின் மேலேயும் தார் மாதிரி தடிமனாக அடித்தால், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே கறுப்பாக அழகாக இருக்கும். உள்ளே துரு தன் வேலையைப் பார்க்கும். அடியைக் கழுவி, முழுசாகக் காயவைத்து, துருவைத் தேய்த்து எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும். ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், பிரேக் பாகங்கள், சைலன்சர், சென்சர், தண்ணீர் வடியும் துளைகள் ஆகியவற்றின் மேல் படவே கூடாது. உள்வெற்றிடப் பாகங்களுக்கு மெழுகு வகைப் பூச்சு பொருத்தம். கம்பெனி வாரன்ட்டி இதனால் பாதிக்காது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நக்கிள் மாதிரி இடங்களில் இருக்கும் மேல்துருவுக்கு இவ்வளவு செலவே தேவையில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினால் துரு கறுப்பான, நிலையான படலமாக மாறும். இதை விடச் சுலபமானது, பீச் ரோட்டில் போய் வந்த பிறகோ தேங்கிய மழைநீரில் ஓட்டிய பிறகோ அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது.

வாரன்ட்டியும் சட்டமும் என்ன சொல்கின்றன?

பல நிறுவனங்களின் துரு வாரன்ட்டி, பாடி ஷீட்டில் ஓட்டை விழுந்தால் மட்டும்தான். மேல்துரு, சஸ்பென்ஷன், சைலன்சர் ஆகியவை அதில் பெரும்பாலும் அடங்காது. ‘மூணு வருஷ வாரன்ட்டி இருக்கே’ என்று சும்மா இருக்காமல், கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளுக்கும் நியாயமற்ற வணிக நடைமுறைக்கும் புகார் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். குறை இருக்கிறதா என்பதைப் பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது என்றால், ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. இதற்கெல்லாம் முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் புகாரை ஆன்லைனிலேயே தாக்கல் செய்ய முடிகிறது.

எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரன்ட்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித்தருவதற்கானது, முழு காரையும் மாற்றித்தருவதற்கானது அல்ல என்று சொன்னது. நக்கிளில் துரு என்று சொல்லிப் புது கார் கேட்டால் கிடைக்காது. பூச்சு உரிந்த ஸ்பிரிங்கை மாற்றக் கேட்டால், அது நியாயமான கோரிக்கை.

ஒரே மாடலில் பலருக்கும் ஒரே பாகத்தில் பிரச்சினை என்றால் அது தனிநபர் விவகாரம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, பாதுகாப்பைப் பாதிக்கும் குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க நிறுவனங்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் அமலில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் பதிவானால்தான் இந்தச் சக்கரம் சுழலும். புலம்பிவிட்டு விட்டுவிடாமல் முறைப்படி பதிவு செய்வதற்கு அர்த்தம் இருக்கிறது.

டெலிவரிக்கு முன் 10 நிமிடம்

எல்லாவற்றையும் விட முக்கியமானது நேரம். காரை உங்கள் பெயரில் பதிவு செய்வதற்கு முன்பு நீங்கள் வாடிக்கையாளர். வேண்டாம், வேறு கார் காட்டுங்கள் என்று சொல்லலாம். பதிவான பிறகு நீங்கள் உரிமையாளர். பேரம் பேசும் பலம் பெரும்பாலும் போய்விடும். ஆகவே:

• பதிவுக்கு முன்பே, சாசி நம்பர் ஒதுக்கப்பட்ட காரை நேரில் பார்க்கக் கேளுங்கள். பகலில் போங்கள்.
• தயாரான மாதம், ஆண்டு என்ன என்று கேளுங்கள். சாசி நம்பரிலேயே அதற்கான குறியீடு இருக்கும். பிறகு வரும் ஆர்சியிலும் தயாரிப்பு மாதம் அச்சாகியிருக்கும். சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.
• ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து வைத்து, டார்ச் அடித்து ஸ்பிரிங், லோயர் ஆர்ம், பிரேக் பைப் ஆகியவற்றைப் பாருங்கள். முடிந்தால் சர்வீஸ் பகுதியில் லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.
• ஒவ்வொரு இடத்தையும், ஓடோமீட்டரோடு சேர்த்து, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள்.
• சந்தேகம் இருந்தால் டெலிவரி நோட்டில் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் எழுதுங்கள். மெயிலிலும் ஒரு வரி அனுப்புங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது.

சித்தப்பா கதை என்ன ஆச்சு? பதிவு முடிந்து, கையெழுத்தும் போட்டாயிற்று என்பதால் காரைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. முதல் சர்வீஸில் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நானும் கூடப் போய்ப் பார்த்தேன். நக்கிள், ஹப், போல்ட்டுகளில் மட்டும் மேல்துரு. துணியால் துடைத்தால் தூள்தான் வந்தது. இடது முன்பக்க ஸ்பிரிங்கில் மட்டும் ஒரு விரல்கடை அளவுக்குப் பூச்சு உரிந்திருந்தது. “இது ஒண்ணும் இல்ல சார்” என்று ஆரம்பித்த சர்வீஸ் அட்வைசரிடம், “ஒண்ணும் இல்லன்னா, அதையே ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்களேன்” என்றார் சித்தப்பா. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஸ்பிரிங்கில் பூச்சு உரிந்திருப்பதாக எழுதி, கம்பெனிக்கு அனுப்புவதாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஸ்பிரிங் மாறியது.

நக்கிளில் துரு அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி இப்போது சித்தப்பா கவலைப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போது மட்டும் குனிந்து ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறார்.